உயிர் காத்த வேந்தர்

கங்கையாறும் சோணையாறும் கலக்கும் இடத்தில் பண்டைக் காலத்தில் பாடலிபுத்திரம் என்னும் பெருநகரம் சிறந்து விளங்கியது. இன்று பாட்னா என வழங்கும் நகரமே அது. அந்நகரின் மதில் மரத்தால் ஆகியது என்றும், அதற்கு 64 வாயில்களும் 570 கோபுரங்களும் இருந்தன என்றும் யவனத் தூதராகிய மெகஸ்தனிஸ் எழுதி வைத்தார். அந்நகரிலிருந்து ஆண்ட மௌரிய வேந்தருள் மூன்றாமவர் அசோகர். சந்திரகுப்தர் அவருக்குப் பாட்டனார், பிந்துசாரர் தந்தையார். அசோகர் கி. மு. 268ஆம் ஆண்டையொட்டி முடி சூடி, ஏறத்தாழ 36 ஆண்டுகள் அரசு செலுத்தினார். வடமேற்கே ஆப்கானிஸ்தானத்துக் காந்தகார் முதல் கிழக்கே வங்கம் வரையிலும், வடக்கே இமயச் சாரல் முதல் தெற்கே கன்னட நாட்டின் நடுப்பகுதி வரையிலும் அவருடைய ஆணை சென்றது.

அவருடைய இளமைப் பருவத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் கதைகளே. தந்தையார் காலத்தில் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்றும், விதிசை நகரத்து வணிகர் மகளாகிய தேவியை மணந்தார் என்றும் இலங்கைப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. தட்சசீலத்தில் எழுந்த கலகத்தை அடக்கச் சென்றார் என்பது வடநாட்டுக் கதை. அரியணைக்காகத் தம் உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்றார் எனவும், அக் கொடுமையால் சண்டாசோகன் எனப் பெயர் பெற்றார் எனவும் சொல்லுவர். பின்னால் வந்த நன்மையைப் பெருக்கிக் காட்ட வேண்டி முன்னிருந்த தீமையைப் பெருக்கிக் கூறுதல் கதை சொல்வாரது இயல்பு. அசோகரே வெட்டுவித்த பாறைச் சாசனம் ஒன்றில், தம் உடன்பிறந்தார் வீடுகளிலும் அறங்காக்கும் அதிகாரிகள் பணி செய்வதாகக் குறிக்கப்பட்டுள்ளது. உடன்பிறந்தார் அனைவரும் மாண்டிருப்பின் அவர்க்கு வீடுகள் ஏது? ஆகவே, அசோகரை அறிய விரும்புவோர் கதையினும் கல்லையே மிகுதியாக நம்புதல் வேண்டும்.

அக் கற்களும் நெடுங்காலம் வாய் திறவாமலே இருந்தன. பிராமி என்னும் அவ்வெழுத்தைப் படிக்கும் முறை மக்களிடையே மறைந்து போயிற்று. தோப்ரா என்னும் ஊரில் நின்ற அசோகர் தூண் ஒன்றை, 14ஆம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட பிரோஸ்ஷா துக்ளக், பல சக்கரங்கள் பூட்டிய வண்டியிலும் பின்னர்ப் படகிலும் ஏற்றித் தம் கோட்டைக்குக் கொண்டு வந்து நிறுத்தினார். அதில் எழுதியிருப்பது யாது என அறிய அவர் பண்டிதர்களை அழைத்துக் கேட்டும் ஒருவராலும் படிக்க இயலவில்லை. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்தார். கற்களிலோ பெரும்பாலும் தேவானாம்பிரியன் பிரியதர்சி என்னும் பட்டப் பெயரே காணப்பட்டது. அது யாரைக் குறிக்கும் என்பதை இலங்கையிலிருந்த டர்னர் என்பவர் பாலி நூல் கொண்டு விளக்கினார். 1915ஆம் ஆண்டில் தக்காணத்து மாஸ்கி என்னும் ஊரில் அசோகன் என்னும் இயற்பெயரே பொறித்த பாறை கிடைத்தபின் ஐயம் முற்றும் நீங்கியது.

முடி சூடி எட்டாண்டுகள் கழிந்தபின் அசோகர் கலிங்கத்தின்மேல் படையெடுத்தார். மகாநதி பாயும் வளநாடு அது. இன்றைய ஒடிசா மாநிலத்தின் கடற்கரைப் பகுதி. அப்போரில் ஒரு நூறாயிரவர் களத்தில் மடிந்தனர். ஒன்றரை நூறாயிரவர் சிறையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வெண்ணிக்கையைப் போலப் பன்மடங்கினர் பின்னும் இறந்தனர். இக் கணக்கைப் பகைவர் எவரும் எழுதவில்லை. வென்ற வேந்தரே தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பொறித்து வைத்தார். அது மட்டுமன்று, போரில் அகப்படாதவரும் தம் நண்பரையும் சுற்றத்தாரையும் இழந்து துன்புற்றனரே என்று அச் சாசனம் இரங்குகின்றது. வெற்றியைப் பாடிய கல்வெட்டுகள் உலகில் பல்லாயிரம் உள. வெற்றிக்காக நாணிய கல்வெட்டு இஃது ஒன்றே எனலாம்.

போருக்குப்பின் அவர் உள்ளம் புத்தர் அறநெறியில் சென்றது. அம் மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததும் அன்று. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின என்றும், அவற்றுள் முதல் ஓராண்டு போதிய ஊக்கம் காட்டவில்லை என்றும் அவரே மற்றொரு பாறையில் ஒத்துக்கொள்கிறார். தம் குறையைத் தாமே கல்லில் எழுதுவிக்கும் இவ்வியல்பு அவர் சாசனங்கள் பலவற்றில் காணப்படுவது. அவருடைய உயிரிரக்கத்தின் வரலாற்றை அறிவதற்கும் இதுவே துணையாகும்.

உயிர்க்கு ஊறு செய்யாமை என்னும் அறம் அசோகர் கண்டுபிடித்தது அன்று. சாந்தோக்கிய உபநிடதம் அஹிம்சையை நற்பண்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. மகாவீரர் வழி வந்த சமண முனிவர், மண்ணிலும் நீரிலும் தீயிலும் காற்றிலும் மரஞ்செடிகளிலும் ஓரறிவுயிர் உண்டு எனக் கொண்டு, அடியெடுத்து வைப்பதற்கும் அஞ்சி வாழ்ந்தனர். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்னும் கருத்து நம் தொல்காப்பியத்தின் மரபியலிலும் உளது. பௌத்த பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றலாகாது என்று ஒரு விதி உண்டு. மழை பெய்தவுடன் முளைக்கும் பசும்புல்லும், அதனூடே ஊரும் சிற்றுயிர்களும் காலடியில் நசுங்கும் என்பதே அவ்விதிக்குக் கூறப்படும் காரணம்.

ஆயினும், இவை யாவும் துறந்தார்க்கு உரிய நோன்புகளாகவே பெரிதும் நின்றன. உழவனும் வணிகனும் சமையற்காரனும் வேட்டுவனும் படைவீரனும் நிறைந்த ஒரு நாட்டில் இவ்வறத்தை எவ்வாறு நடத்துவது? ஏர் பிடித்தால் புழு மடியும். காடு திருத்தினால் மான் ஓடும். வலை வீசாவிட்டால் செம்படவன் பசித்திருப்பான். துறவி ஒருவன் தன்னை மட்டும் காத்துக்கொண்டால் போதும். அரசனோ கோடிக்கணக்கான மக்களின் உணவையும் தொழிலையும் எண்ண வேண்டியவன். இவ்வரிய வினாவை முதன்முதலில் ஒரு பேரரசின் அளவில் எதிர்கொண்டவர் அசோகரே.

அரசர் காடுகளையும் விலங்குகளையும் காக்கும் வழக்கம் முன்னரே இல்லாமல் இல்லை. கௌடலியரது பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரத்தில், கன்றையும் கறவைப் பசுவையும் கொல்வார்க்குத் தண்டம் உண்டு. யானையைக் கொன்றவனுக்கு மரணமே தண்டனை. அந்நூலின் இன்றைய வடிவம் அசோகர்க்குப் பிற்பட்டது என்பர் அறிஞர். எனினும் அதில் உள்ள அரசியல் முறைகள் பழையன. அந்நூல் யானையைக் காத்தது படைக்கு வேண்டியே. பசுவைக் காத்தது பாலுக்காகவே. காட்டைக் காத்தது மரத்துக்கும் வருவாய்க்குமாகவே. பயன் கருதிய காவல் அது. தமக்குப் பயன்படாத உயிரையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே மிகுதியாக இல்லை.

அசோகர் தம் திருத்தத்தைக் குடிமக்களிடமிருந்து தொடங்கவில்லை. அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து தொடங்கினார். முதற் பாறைச் சாசனம் கூறுவது இது: முன்பெல்லாம் அவருடைய மடைப்பள்ளியில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டன. அச் சாசனம் எழுதிய நாளில் மூன்று உயிர்களே கொல்லப்பட்டன. அவை இரண்டு மயில்களும் ஒரு மானும் ஆம். அந்த மானும் எல்லா நாளும் கொல்லப்படுவதில்லை. இனி இம் மூன்றும் கொல்லப்படமாட்டா என அச் சாசனம் முடிகின்றது.

பல நூறாயிரம் என்பது மிகைபடக் கூறியதாகவும் இருக்கலாம். நாம் நோக்க வேண்டுவது அவ்வெண்ணை அன்று, எஞ்சிய மூன்றையே. உயிர்க்கொலையை முற்றும் ஒழித்துவிட்டதாகப் பறைசாற்றுதல் ஒரு பேரரசனுக்கு எளிது. அரண்மனை அடுப்பைச் சென்று பார்ப்பவர் யார்? ஆனால் அசோகர் அவ்வாறு செய்யவில்லை. நா ருசியை இன்னும் முற்றும் வெல்ல இயலவில்லை என்பதையும், நாள்தோறும் இரண்டு மயில்கள் தம் பொருட்டு மாள்கின்றன என்பதையும், சில நாளில் ஒரு மானும் மாள்கின்றது என்பதையும் நாடெங்கும் உள்ள பாறைகளில் எழுதுவித்தார். கத்தியவாரில் கிர்நார் மலையடியில் வாழ்ந்தவனும், இமயச் சாரலில் கால்சியில் வாழ்ந்தவனும், கலிங்கத்துத் தௌலியில் வாழ்ந்தவனும் தம் வேந்தர் உண்பது யாது என்பதை இவ்வாறு அறிந்துகொண்டனர்.

அடுத்து அவர் விடுத்தது வேட்டை. பழைய அரசர்க்கு வேட்டையே பெரும்பொழுதுபோக்கு. அதற்கு விகாரயாத்திரை என்று பெயர். முடி சூடிப் பத்தாண்டுகள் ஆனபின், அசோகர் போதி மரம் நின்ற இடத்துக்குச் சென்றார். அது முதல் வேட்டைப் பயணத்துக்கு மாறாக அறப்பயணம் மேற்கொண்டார். அந்தணரையும் துறவியரையும் கண்டு கொடை வழங்குவதும், முதியோரைக் காண்பதும், சிற்றூர் மக்களோடு அளவளாவுவதும் அப்பயணத்தின் பகுதிகள். வேட்டையாடுவதைவிட இதிலேயே தமக்கு மிக்க இன்பம் உண்டாகிறது என எட்டாம் சாசனத்தில் கூறியுள்ளார். 1958ஆம் ஆண்டில் காந்தகாரில் கிடைத்த கல்வெட்டு, யவன மொழியிலும் அரமேய மொழியிலும் எழுதப்பட்டது. வேந்தர் உயிர்களை உண்ணாது விலகினார் என்றும், அதைக் கண்டு பிறரும் விலகினர் என்றும், வேந்தருடைய வேட்டுவரும் வலைஞரும் தம் தொழிலை நிறுத்தினர் என்றும் அது தெரிவிக்கிறது. அவ்வாறு தொழில் நிறுத்தியவர்க்கு வேறு பிழைப்புக் காட்டப்பட்டதா என்பதைப் பற்றி அக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அவர் சாசனங்களைப் படிப்பார் உள்ளத்தில் இக் குறை தோன்றாமல் இராது.

கொல்லாமை என்பது விலக்குதல் மட்டும் அன்று. காத்தலும் அதனுள் அடங்கும். இதனை அசோகர் நன்கு உணர்ந்திருந்தார். மனிதர்க்கு மருத்துவம், விலங்குகட்கு மருத்துவம் ஆகிய இரண்டையும் அவர் ஏற்படுத்தியதாக இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. விலங்கு மருத்துவமனைகள் கட்டினார் எனப் பிற்காலத்தார் எழுதுவர். கல்லிலோ மருத்துவம் என்பதே உளது, மனை என்பது இல்லை. மருந்துச் செடிகள் எங்கெங்கு இல்லையோ அங்கங்கே அவற்றை வருவித்து நடச் செய்தார். வேர்களையும் கனிகளையும் அவ்வாறே வளர்ப்பித்தார். இப்பணி அவருடைய நாட்டில் மட்டும் நடைபெறவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணியிலும், மேற்கே அந்தியோகன் என்னும் யவன வேந்தன் நாட்டிலும் நடைபெற்றதாக அச் சாசனம் உரைக்கிறது. தாமிரபரணி என்பது இங்கே இலங்கை.

தமிழ் வேந்தரின் பெயர்களை அசோகர் தம் கல்லில் நன்மதிப்போடு பொறித்துள்ளமை நமக்கு மகிழ்ச்சி தருவது. சத்தியபுத்திரர் யார் என்பதில் அறிஞரிடையே நெடுநாள் வழக்கு இருந்தது. 1981ஆம் ஆண்டில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரில் கிடைத்த தமிழிப் பொறிப்பு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் எனக் குறித்தது. அதன்பின் அவ் வழக்குத் தீர்ந்தது. நெல்லிக்கனியைத் தாம் உண்ணாது ஔவைக்கு ஈந்த வள்ளலின் குடியே அது.

சாலையோரங்களில் அசோகர் ஆலமரங்களை நடுவித்தார், மாந்தோப்புகளை வளர்ப்பித்தார், இடையிடையே கிணறுகள் தோண்டுவித்தார். கிணற்றுக்குக் கிணறு இடைத்தொலைவு அரைக் குரோசம் என்பாரும் எட்டுக் குரோசம் என்பாரும் உளர். தங்குமிடங்களும் தண்ணீர்த் துறைகளும் அமைந்தன. ஆலமரத்தின் நிழல் யாருக்கு என்று சொல்லும் இடத்தில் அச் சாசனத்தின் தொடர் கருதத் தக்கது. அத் தொடரில் விலங்கு முன்னும் மனிதன் பின்னும் நிற்கின்றன. நடுப்பகல் வெயிலில் பாரவண்டி இழுத்து வரும் எருதின் நாக்கு வறள்வதைக் கண்டவர்க்கு அம்முறை வைப்பு வியப்பாகத் தோன்றாது. இத்தகைய வசதிகளை முன்னிருந்த அரசரும் செய்தனர் என்பதை அசோகர் மறைக்கவில்லை. மக்கள் அறவழியில் நடத்தற்பொருட்டே தாம் அவற்றைச் செய்ததாகவும் கூறுகிறார்.

நீர்நிலைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கிர்நார் மலையடியில் சுதர்சனம் என்னும் ஏரி இருந்தது. சந்திரகுப்தர் காலத்தில் புஷ்யகுப்தன் என்னும் அதிகாரி அதனை அமைத்தான். அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவன அதிகாரி அதற்குக் கால்வாய்கள் வகுத்தான். இச் செய்தியை அசோகர் தம் கல்லில் சொல்லிக்கொள்ளவில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, பெருமழையால் உடைந்த அவ்வேரியைக் கட்டிய உருத்திரதாமன் என்னும் வேந்தன் கி. பி. 150ஆம் ஆண்டையொட்டி எழுதுவித்த கல்வெட்டால் நாம் அறிகிறோம். அசோகரது சாசனம் உள்ள அதே பாறையில்தான் உருத்திரதாமனுடைய எழுத்தும் உளது. ஏரி இன்று இல்லை, பாறை இருக்கிறது.

முடி சூடி இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் அசோகர் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனமே உயிர்க்காவலுக்கு அவர் வகுத்த முழுச்சட்டம். கொல்லத் தகாத உயிர்களின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. கிளி, நாகணவாய்ப்புள், சக்கரவாகம், அன்னம், வௌவால், எறும்பரசி, ஆமை, முள்ளில்லா மீன், முள்ளம்பன்றி, அணில், நேர்ந்து விடப்பட்ட எருது, காண்டாமிருகம், வெண்புறா, ஊர்ப்புறா எனச் செல்லும் அப்பட்டியலில், இன்ன உயிர் என இன்றளவும் துணியப்படாத பெயர்கள் சிலவும் உண்டு. பட்டியலின் முடிவில் ஒரு பொது விதி வருகிறது: மனிதர்க்குப் பயன்படாதனவும், மனிதர் உண்ணாதனவுமாகிய நாற்கால் விலங்குகள் யாவும் காக்கப்பட வேண்டியவை.

இவ்விதியைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். அர்த்தசாத்திரம் பயன்படும் விலங்கைக் காத்தது. அசோகர் சட்டமோ பயன்படாத விலங்கைக் காத்தது. உணவுக்காகக் கொல்பவனுக்குப் பசி என்னும் காரணம் உண்டு. உண்ணவும் மாட்டாமல், உழைக்கவும் வைக்காமல் ஓர் உயிரைக் கொல்பவனுக்கு என்ன காரணம் உண்டு? வீண் விளையாட்டும் வெறும் கொடுமையும் அன்றி வேறு இல்லை. எல்லாக் கொலையையும் ஒருநாளில் தடுத்தல் ஆகாது என அறிந்த அவ்வேந்தர், காரணமே இல்லாத கொலையை முதலில் தடுத்தார். எறும்பரசிக்கும் வௌவாலுக்கும் பேரரசன் ஒருவன் பாதுகாப்பு வழங்கியது அதற்குமுன் எந்நாட்டிலும் நடந்ததாகத் தெரியவில்லை.

அச் சட்டத்தின் பிற பகுதிகளும் நுட்பமானவை. சூல் கொண்டனவும் பால் கொடுப்பனவுமாகிய ஆடுகளையும் பன்றிகளையும் கொல்லலாகாது. ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது. உயிர்கள் தங்கியிருக்கும் உமிக்குவியலைக் கொளுத்தலாகாது. வீணாகவோ உயிர்களை அழிப்பதற்காகவோ காட்டுக்குத் தீ வைக்கலாகாது. ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிருக்கு இரையாக்கி வளர்க்கலாகாது. குறித்த முழுநிலா நாள்களிலும் நோன்பு நாள்களிலும் மீன் பிடித்தலும் விற்றலும் கூடா. அந்நாள்களில் யானைக் காடுகளிலும் மீன் துறைகளிலும் உள்ள வேறு உயிர்களையும் கொல்லலாகாது. பூசம், புனர்பூசம் ஆகிய நாள்களில் குதிரைக்கும் எருதுக்கும் சூடு போடலாகாது. களத்துமேட்டில் உமியைக் கொளுத்தும் உழவனுக்கு, அதனுள் பூச்சிகள் குடியிருப்பது நினைவுக்கு வருவதில்லை. பாடலிபுத்திரத்து அரண்மனையில் வீற்றிருந்தவருக்கு அது நினைவுக்கு வந்தது.

அசோகர் குறைகளே இல்லாதவர் என்று கொள்ளுதலும் முறையன்று. அவர் படையைக் கலைக்கவில்லை. மரண தண்டனையையும் ஒழிக்கவில்லை; தண்டனை பெற்றவர்க்கு மூன்று நாள் தவணை அளித்து, உறவினர் முறையிடுதற்கு இடம் கொடுத்தார். காட்டு மக்களிடம் அவர் பேசிய பேச்சில் கடுமையும் கலந்துள்ளது. கலிங்கப் போருக்கு இரங்கும் அதே சாசனத்தில், தாம் வருந்தினாலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்பதைக் காடுவாழ் மக்களுக்கு நினைவூட்டுகிறார். காட்டின் உயிர்களுக்கு நிழல் தந்த வேந்தர், அக்காட்டையே தாயகமாகக் கொண்ட மாந்தரை அச்சுறுத்தியது பொருந்துமா? அவர் காலத்தில் தீராத இச் சிக்கல், காடு காக்கும் அரசுகளுக்குப் பின்னரும் தீராமலே தொடர்ந்தது.

தம் அறத்தைப் பிற சமயத்தார்மேல் அவர் சுமத்தினாரோ எனின், இல்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆசீவகத் துறவியர்க்கு அவர் கயைக்கு வடக்கே பராபர் மலையில் குகைகள் குடைவித்து வழங்கினார். தன் சமயத்தைப் புகழப் பிற சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது பன்னிரண்டாம் சாசனத்தின் கருத்து. ஆயினும் வேள்வியில் உயிர்ப்பலி கூடாது என்று அவர் விதித்தது பழைய வழக்கத்தார் சிலர்க்கு மனக்கசப்பை விளைத்திருத்தல் கூடும்.

முடி சூடிய இருபத்தேழாம் ஆண்டில் அவர் எழுதுவித்த ஏழாம் தூண் சாசனம், பிரோஸ்ஷா தில்லிக்குக் கொணர்ந்த அத்தூணில் மட்டுமே உள்ளது. தம் ஆட்சி முழுவதையும் திரும்பிப் பார்த்து அவர் சொன்ன முடிவு அதில் காணப்படும். மக்களிடையே அறம் வளர்ந்தது இரண்டு வழிகளால்: ஒன்று கட்டளை; மற்றொன்று மனத்தைக் கனிவித்தல். இன்னின்ன உயிர்களைக் கொல்லலாகாது எனத் தாம் இட்ட சட்டத்தையே கட்டளைக்கு எடுத்துக்காட்டாக அவர் கூறுகிறார். கூறிவிட்டு, அக் கட்டளைகளால் விளைந்தது சிறிதே என்றும், மக்கள் தாமே உணர்ந்து கொல்லாமையை மேற்கொண்டதால் விளைந்ததே பெரிது என்றும் உரைக்கிறார். அணிலுக்கும் ஆமைக்கும் சட்டம் எழுதி ஓராண்டே சென்றிருந்தது. இந்தியப் பெருநிலத்தில் அவர் ஆணைக்கு எதிர்நிற்க வல்லவர் எவரும் இலர். அந்நிலையிலும் ஆணையின் வலிமை சிறிது என்று ஒத்துக்கொண்டார். மடைப்பள்ளி மயில்களை மறைக்காத அதே நேர்மையை இங்கும் காண்கிறோம்.

மரங்களிடம் அவர் கொண்ட அன்பைக் குறித்துப் பிற்காலத்தில் பல கதைகள் எழுந்தன. அவருடைய மகள் சங்கமித்திரை போதி மரத்தின் கிளையை இலங்கைக்குக் கொண்டு சென்று அனுராதபுரத்தில் நட்டாள் என மகாவம்சம் கூறும். அங்குள்ள அரசமரத்தை மக்கள் இன்றும் போற்றி வருகின்றனர். போதி மரம் வாடியதைக் கண்டு அசோகர் தளர்ந்து சாய, அரசியர் இருவர் தாங்கி நிற்பதாகச் சாஞ்சித் தோரணத்தில் ஒரு சிற்பம் உண்டு என அறிஞர் கொள்வர். ஒரு மரம் வாடியதற்காகப் பேரரசன் ஒருவன் நிலைகுலைந்தான் எனக் கல்லில் செதுக்கும் எண்ணம், அவரைப் பற்றிய நினைவு மக்களிடையே எவ்வாறு நின்றது என்பதைக் காட்டும்.

அசோகர் கி. மு. 232ஆம் ஆண்டையொட்டி மறைந்தார். அவருக்குப்பின் மௌரியர் ஆட்சி ஐம்பதாண்டு அளவே நிலைத்தது. அவருடைய முடிவைப் பற்றி அசோகாவதானம் என்னும் நூல் ஒரு கதை சொல்கிறது. முதுமையில் நோயுற்ற அசோகர் தம் பொன்னையெல்லாம் சங்கத்துக்கு வழங்கிக்கொண்டே வந்தாராம். கருவூலம் வற்றிவிடும் என அஞ்சிய அமைச்சர், இளவரசனைக் கொண்டு கருவூலத்தின் கதவை அடைப்பித்தனர். வேந்தர் தாம் உண்ணும் பொற்கலங்களை அனுப்பினார். அவற்றை நிறுத்தி வெள்ளிக்கலம் வைத்தனர். அவற்றையும் அனுப்பினார்; மண்கலம் வைத்தனர். ஒருநாள் அவர் கையில் பாதி நெல்லிக்கனி ஒன்றே எஞ்சியது. நாவலந்தீவு முழுவதையும் ஆண்டவர் இப்பொழுது இந்தப் பாதிக் கனிக்கே உரிமையாளர் என்று கூறி, அதனையும் குக்குடாராமப் பள்ளியிலிருந்த பிக்குகளுக்கு அனுப்பினார். பிக்குகளோ பலர், கனியோ பாதி. அப்பள்ளியின் தலைவர் அக் கனியை அரைத்துக் குழம்பிலே கலக்கச் செய்து, ஒருவர் விடாமல் எல்லாருக்கும் பகிர்ந்து அளித்தார்.